ஒன்றாம் பம்ப்பைக் கேட்டோம், ஆறாம் பம்ப் ஓடியது

1

எங்கள் மேலாளர் மீது நான் தண்ணீரைப் பீய்ச்சியடித்த நாளும், நான் இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம் நிறைந்த நாளும் ஒரே நாளாக அமைந்துவிட்டன. பத்தாம் வருடத்துக்கு நெய்வேலி டவுன்ஷிப் பத்திரிகை வாசகர்களான உங்களுக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். பனியைப் பற்றி எழுதலாம், சைக்கிளில் ஆபீஸ் போகும் மந்திரிகளைப் பற்றி எழுதலாம் என்றெல்லாம் குறித்து வைத்திருந்தேன். அதெல்லாம் கிடக்கட்டும். நடந்ததைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

நான் இருப்பது நெதர்லாந்தின் வடக்கே, கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்த ஒரு சின்ன ஊர். வயலில் ஊறும் தண்ணீரைப் பம்ப் வைத்து இறைத்துக் கால்வாயில் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் ஊர் மூழ்கும். இதை வேறு ஊர்க்காரர்களுக்கு விளக்க அரை மணி நேரம் ஆகும். உங்களுக்கு வேண்டியதில்லை. நம் சுரங்கத்திலும் நிலத்தடித் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரி கிடைக்கும். என் அப்பா ஏழுமலை அந்தப் பம்ப் செக்‌ஷனில்தான் ரிட்டையர் ஆகும்வரை வேலை பார்த்தார். நான் இங்கே பம்ப்புகளை ஓட்டும் மென்பொருள் எழுதுகிறேன்.

"இவ்ளோ படிச்சிட்டு நீயும் பம்ப்பாண்டதான் போய் நின்ன," என்பார் அப்பா, ஃபோனில். திட்டுவது போலத்தான் இருக்கும். பக்கத்தில் அம்மா சிரிப்பது கேட்கும்.

2

முதலில் என் பெயர்ச் சங்கதி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டதால், இங்கே எனக்குச் செல்வராணி என்ற பெயரே இல்லாமல் போனது. ஆபீஸில் நான் ஏழுமலை. அதிலும் ‘ழு’ யாருக்கும் வராது. ‘எஸு’ என்று சுருக்கிவிட்டார்கள். நாள் முழுக்க யாராவது என் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

என் கணவரின் குடும்பப் பெயர் அவருடைய அப்பா பெயர். மகள் நிலாவின் குடும்பப் பெயர் என் கணவர் பெயர், முருகவேல். ஆக, ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பங்கள். போன மாதம் நகராட்சி அலுவலகத்துக்கு நிலாவின் அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது, கவுன்ட்டரில் இருந்த பெண் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாருடைய குழந்தை?" என்று கேட்டார்.

நான் என் டச்சு மொழியில் விளக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே நிலா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குப் பத்து வயது.

"அம்மா, நீ பேசாத. நான் பேசுறேன்."

பேசினாள். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. அந்தப் பெண் அவளைப் பார்த்துச் சிரித்தார், என்னைப் பார்த்து அனுதாபப்பட்டார். வெளியே வந்ததும் நிலா, "நீ பேசினா எல்லாரும் நம்மளையே பாக்குறாங்க," என்றாள். அதையும் டச்சில்தான் சொன்னாள். சமீபகாலமாக அவள் தமிழ் தாத்தாவோடு வீடியோவில் "ஹாய் தாத்தா, பை தாத்தா" என்ற நான்கு சொற்களுக்குள் வந்து நின்றிருந்தது. அதிலும் தமிழ் இரண்டு சொல்தான்.

3

இனி வேலைக்கு வருகிறேன். எங்கள் கம்பெனி சிறியது. ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய பம்ப் நிலையத்தை ஓட்டும் மென்பொருளைப் புதுப்பிப்பது எங்கள் பொறுப்பு. அதன் பழைய பகுதியை எழுதியவர் ஹெங்க். நல்ல உயரம், குறைவான பேச்சு, ஓய்வு பெறச் சில மாதங்களே பாக்கி. எப்போது அலை ஏறும், எவ்வளவு மழை சேரும், எந்தெந்தப் பம்ப் ஓட வேண்டும் என்ற கணக்கை ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிவைத்திருந்தார். படிப்படியாக, ஒரு கூட்டலுக்குப் பிறகு ஒரு பெருக்கல் என்று போகும் கணக்கு. முப்பது வருடமாக அது தப்பியதில்லை.

மேலாளர் சாண்ட்ராவின் திட்டம், எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு ஒரே மொழியில் புதிதாக எழுதுவது. ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும். நானும் என் தோழி அக்னியெஷ்காவும் (போலந்துக்காரி, ஆபீஸிலேயே சத்தமாகச் சிரிப்பவள்) வேறு மாதிரி நினைத்தோம். ஹெங்க்கின் கணக்கு அப்படியே ஃபோர்ட்ரானில் இருக்கட்டும். எது கூடாது என்ற விதிகளை ப்ரோலாக் என்ற மொழியில் எழுதலாம். அதில் எதையும் எப்படிச் செய்வது என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் பம்ப்பும் நான்காம் பம்ப்பும் சேர்ந்து ஓடக் கூடாது, மீன் ஏறும் மாதத்தில் இரண்டாம் பம்ப் ஓயவேண்டும் என்று உண்மைகளை மட்டும் சொல்லிவைத்தால் மிச்சத்தை அதுவே தேடிக்கொள்ளும். திரைக்கு ஜாவாஸ்கிரிப்ட், யாராவது பொத்தானைத் தொடும்வரை சும்மா இருக்கும், தொட்டால் துள்ளும். பம்ப்புக்கு உத்தரவு அனுப்பப் பைத்தான், அது என் வேலை. ஃபோர்ட்ரானையும் மற்றவற்றையும் கோக்கும் பாலம் சி மொழியில், அது அக்னியெஷ்காவின் வேலை. ஆக ஐந்து மொழிகள். ஒவ்வொன்றுக்கும் யோசிக்கும் விதமே வேறு.

இதைச் சாண்ட்ராவிடம் சொல்ல ஒரு கூட்டம் வைத்தோம். நேரம் ‘ஹால்ஃப் ட்ரீ’ என்றார்கள். ஹால்ஃப் என்றால் அரை, ட்ரீ என்றால் மூன்று. மூன்றரை என்று எடுத்துக்கொண்டு, புடவைக் கடைக்குப் போகிறவள் மாதிரி நிதானமாக மூன்று இருபத்தைந்துக்குப் போனேன். கூட்டம் முடிந்து எல்லோரும் காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் ‘அரை மூன்று’ என்றால் மூன்றாவது மணியில் பாதி, அதாவது இரண்டரை. பத்து வருடம் இங்கே குப்பை கொட்டியும் அந்த அரையை என் காது மூன்றோடு கூட்டித்தான் எடுத்துக்கொண்டது.

அழாத குறைதான். ஏனென்றால் அந்தக் கூட்டத்தைப் பொறுத்துத்தான் என் வேலையே இருந்தது. நான் ஒரு வருடக் கான்ட்ராக்டில் இருந்தேன், அதுவும் மூன்றாவது முறை. இந்த நாட்டில் மூன்றாவது முடிந்தால் பர்மனென்ட் ஆக்க வேண்டும், இல்லையென்றால் கைகுலுக்கி அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் வீட்டை விற்கப்போகிறார். பர்மனென்ட் கடிதம் இல்லாதவர்களுக்கு வேறு வீடு கொடுக்க ஆளில்லை.

ஹெங்க் கதவருகில் நின்றிருந்தார். "செய்து காட்ட ஆறு வாரம் கொடுத்திருக்கிறார்கள்," என்றார்.

"யார் பேசியது?"

"நான்."

முப்பது வருடத்தில் அவர் கூட்டத்தில் பேசியது அதுதான் முதல்முறை என்று அக்னியெஷ்கா பிறகு சொன்னாள்.

4

கான்ட்ராக்ட், பர்மனென்ட் என்ற இரண்டு சொல்லையும் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ‘அம்மா’, ‘சோறு’ மாதிரி கூடவே வந்தவை. அப்பா கான்ட்ராக்டில் இருந்தவரை நாங்கள் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயதில் அவர் பர்மனென்ட் ஆனார். ஆர்டர் வந்த அன்று முதல் ஷிஃப்ட் முடிந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே சைக்கிளில் வந்து, வாசலில் இறங்காமல் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினார். அம்மா வெளியே ஓடிவந்து, "இன்னாய்யா ஆச்சு ஒனக்கு?" என்று கத்தினார்.

"பர்மனென்ட்டு! ஆயாச்சு!"

"ஆச்சுன்னா எறங்கு கீழ! பிரேக்கு புடிக்கலயா?"

நிஜமாகவே பிரேக் பிடிக்கவில்லை. மூன்றாவது சுற்றில் வேலியில் போய் விழுந்தார். விழுந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு டவுன்ஷிப்பில் குவாட்டர்ஸ். ஒரு பக்கம் தெலுங்குக் குடும்பம், ஒரு பக்கம் திருநெல்வேலி, எதிரே பாலக்காடு. தெலுங்கு வீட்டு லட்சுமி ஆன்ட்டி முதல் நாள் என்னைப் பார்த்து, "செப்பு, செப்பு," என்றார். உன்னைப் பற்றிச் சொல்லு என்று அர்த்தம். நான் ஓடிப்போய் அவருடைய செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தேன். அவர் திகைத்து, என் தலையில் கைவைத்து ஆசீர்வாதமே செய்துவிட்டார். அன்றைக்கே பழகியிருக்க வேண்டும், எனக்குக் கேட்டதும் அவர்கள் சொன்னதும் ஒன்றுதானா என்று கேட்டுக்கொள்ள. பழகவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

5

ஆறாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை, செய்து காட்டும் நாள். ஆபீஸுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதில் நிஜ நிலையத்தின் பொம்மை மாதிரி ஆறு சின்னப் பம்ப்புகள், ஆறு தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் குழாய். ப்ரோலாக் விதிகளைச் சேர்க்கும் முன் நாங்கள் ஆறையும் சேர்த்து ஓட்டிப் பார்த்திருந்தோம். அருமையாக ஓடின. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகவும் சோதித்தாயிற்று. அக்னியெஷ்கா முந்தின நாள் ஆறாம் பம்ப்பின் சுவிட்சைக் கையால் போட்டு, அதன் குழாயைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துத் தன் சைக்கிளைக் கழுவியிருந்தாள். திரும்பத் தொட்டிக்குள் விடவில்லை. அன்றைக்கு ஒன்றாம் பம்ப்பை மட்டும்தானே காட்டப்போகிறோம்?

சாண்ட்ரா வெள்ளைச் சட்டையில் வந்தார். நிற்க வசதியாக ஆறாம் தொட்டி ஓரம் நின்றுகொண்டார்.

"ஒன்றாம் பம்ப்," என்று அறிவித்துவிட்டு நான் பொத்தானைத் தொட்டேன்.

ஒன்றாம் பம்ப் அசையவில்லை. ஆறாம் பம்ப் உறுமியது. அதன் குழாய் பாம்பு மாதிரி எழுந்து நின்று, சாண்ட்ராவின் கழுத்திலிருந்து இடுப்புவரை நனைத்து, ஒரு சுற்றுச் சுற்றி ஹெங்க்கின் கண்ணாடியையும் நனைத்தது. நான் நிறுத்து என்ற பொத்தானை அழுத்தினேன். அதுவும் ஒன்றாம் பம்ப்பை நிறுத்தும் பொத்தான்தான். என்ன காரணமோ, ஆறாம் பம்ப் ஒழுங்காக நின்றது.

சாண்ட்ராவின் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வெள்ளிக்கிழமை," என்றார். "அதற்குள் காரணம் தெரிய வேண்டும். இல்லையென்றால் ஒரே மொழி." போய்விட்டார். காலணியில் சளக் சளக் என்று சத்தம் கேட்டது.

6

அடுத்து நடந்ததை யாரும் ஊகிக்கலாம். ஹெங்க் தன் கணக்கைப் பார்த்தார், சரி. அக்னியெஷ்கா தன் பாலத்தைப் பார்த்தாள், சரி. நான் என் பைத்தானைப் பார்த்தேன், சரி. எல்லோரும் சரியாக இருக்கும்போது எப்படித் தப்பாகும்? செவ்வாய் போனது, புதன் போனது. நான் வீட்டில் உப்பில்லாமல் குழம்பு வைத்தேன். கணவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவே பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை அக்னியெஷ்கா ஒரு வெள்ளைத்தாளைக் கிழித்து, அதில் பெரிதாக 1 என்று எழுதினாள். "ப்ரோகிராமை விடு. நாம்தான் ப்ரோகிராம். கையால் கொடுப்போம். ஹெங்க், நீங்கள் முதலில்."

மூன்று பேரும் கொட்டகையில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஹெங்க் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "என் பம்ப்புகள் ஒன்றிலிருந்து ஆறு. ஒன்றாம் பம்ப் ஓடட்டும். ஒன்று," என்று அக்னியெஷ்காவிடம் கொடுத்தார்.

"எனக்கு ஒன்று வந்தது. ஆனால் பைத்தான் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும். எஸுவுக்குச் சிரமம் வேண்டாமே என்று நானே ஒன்றைக் கழித்துவிடுகிறேன்." 1ஐ அடித்து 0 என்று எழுதி என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கினேன். "எனக்குப் பூஜ்யம் வந்தது. ஹெங்க் ஒன்றிலிருந்து எண்ணுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் அக்னியெஷ்காவுக்குச் சிரமம் வேண்டாமே என்று நானே ஒன்றைக்…"

சொல்லி முடிக்கவில்லை. அக்னியெஷ்கா கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"மைனஸ் ஒன்று," என்றேன்.

"மைனஸ் ஒன்றாம் பம்ப்பா?" என்றார் ஹெங்க். "என் ஃபோர்ட்ரானாக இருந்தால் அங்கேயே கூச்சல் போட்டிருக்குமே."

"பைத்தான் போடாது. மைனஸ் ஒன்று என்றால் கடைசியிலிருந்து முதல் ஆள் என்று எடுத்துக்கொள்ளும். கடைசி ஆள்…"

மூன்று பேரும் ஆறாம் பம்ப்பைத் திரும்பிப் பார்த்தோம்.

அப்புறம் சிரித்தோம் பாருங்கள். அக்னியெஷ்கா நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வயிறு வலித்தது. ஆறையும் சேர்த்து ஓட்டியபோது ஏன் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஆளுக்கு ஒரு இடம் தள்ளி ஆறும் ஓடியிருக்கின்றன! யாருக்குத் தெரியும்? முப்பது வருடமாகச் சிரிக்காத ஹெங்க் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மரியாதை," என்றார். "மரியாதை அதிகமாகிவிட்டது."

திருத்தம் ஒரே வரி. என் வரியை நான் அழித்தேன். திருத்துவதைவிட நேரம் பிடித்தது அதற்குப் பிறகு எழுதிய ஒரு பக்கம். எந்த எல்லையில் யார் மாற்ற வேண்டும், யார் கைவைக்கக் கூடாது, அளவு எதில், நேரம் எந்த ஊர் நேரம் என்று ஒவ்வொரு மொழியும் அடுத்ததோடு சேரும் இடத்தை எழுதினோம். எழுத எழுத, சொல்லாமலே புரியும் என்று நாங்கள் விட்டிருந்தவை இன்னும் ஏழு அகப்பட்டன.

வெள்ளிக்கிழமை சாண்ட்ரா மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். ஒன்றாம் பம்ப்பைக் கேட்டோம், ஒன்றாம் பம்ப் ஓடியது. ஆறையும் தனித்தனியாகக் கேட்டார், தாறுமாறாகக் கேட்டார், மூன்றையும் நான்கையும் சேர்த்துக் கேட்டார், ப்ரோலாக் மறுத்தது.

"ஒரே மொழியில் எழுதியிருந்தால் இந்தத் தப்பே வந்திருக்காதுதானே?" என்றார்.

"இது வந்திருக்காது," என்றேன். "வேறு வந்திருக்கும். ஹெங்க்கின் முப்பது வருடத்தை நான் புதிதாக எழுதினால் அதில் எத்தனை தப்பு வரும் என்று என்னால் சொல்லவே முடியாது." இதை டச்சில் சொன்னேன். இரண்டு இடத்தில் இலக்கணம் இடித்தது. ஒருவரும் என்னை அனுதாபத்தோடு பார்க்கவில்லை.

சாண்ட்ரா மழைக்கோட்டைக் கழற்றி மடித்தார். "சரி, ஐந்தே இருக்கட்டும்," என்றார்.

7

அடுத்த செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. அப்பாவுக்கு ஃபோன் போட்டேன்.

"அப்பா, பர்மனென்ட் ஆயிட்டேன்."

அப்பா உடனே, "குவாட்டர்ஸ் எந்த டைப்பு குடுக்குறாங்க?" என்றார்.

"குவாட்டர்ஸெல்லாம் இங்க இல்லப்பா."

"மெடிக்கலு?"

"அது எல்லாருக்கும் இருக்குப்பா."

"கேன்டீனு?"

"ரொட்டியும் சீஸும் வெச்சிருப்பாங்க. ஆறிப்போனது."

"அப்புறம் இன்னாம்மா பர்மனென்ட்டு அது," என்றார். பின்னால் அம்மா, "ஃபோனக் குடுய்யா, அழுதுகினே பேசிக்கினு," என்று பிடுங்கிக்கொண்டார்.

8

போன சனிக்கிழமை நிஜப் பம்ப் நிலையத்தில் எங்கள் மென்பொருளை முதல்முறையாக ஓடவிட்டார்கள். காலையிலிருந்தே மழை. அதற்காகத்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். நிலாவையும் கூட்டிப்போயிருந்தேன், வேண்டாவெறுப்பாக வந்தாள். அங்கே போனதும் அப்பாவை வீடியோவில் கூப்பிட்டு, ஃபோனை அவள் கையில் கொடுத்தேன். ஊரில் மதியச் சாப்பாடு முடிந்த நேரம்.

ஒவ்வொரு பம்ப்பும் ஒரு லாரி அளவு. வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுந்து ஓட ஆரம்பித்தபோது காலடியில் தரை அதிர்ந்தது. என்னால் சும்மா நிற்க முடியவில்லை, குதிக்க வேண்டும்போல் இருந்தது. அக்னியெஷ்கா குதித்தாள். மூன்று ஓய்ந்து நான்கு எழுந்தது. சரியாக விதிப்படி.

"நில்லு நில்லு," என்றது ஃபோன். "அந்த நாலாவதாண்ட போ, கண்ணு. இன்னும் கிட்டக்க. சத்தம் கேக்குதா? பேரிங் போயிக்கினு இருக்குது. அங்க மெக்கானிக்கு யாரு?"

அதற்குள் சாண்ட்ரா என்னைத் திரையருகே கூப்பிட்டார். கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நிலா நான்காம் பம்ப் அருகே நின்றிருந்தாள். ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு ஹெங்க்கின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, ஏதோ சொல்லப் பார்த்து, சொல் கிடைக்காமல், கன்னத்தை உப்பிப் பல்லைக் கடித்து ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம் போட்டாள். ஹெங்க் குனிந்து கேட்டார். அவள் மறுபடி போட்டாள். அவர் நிமிர்ந்து, இரண்டு கையையும் விரித்து, ஃபோனைப் பார்த்து என்னமோ படபடவென்று பேசினார்.

நிலா அறைக்கு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"அம்மா! ஹெங்க் இதைத்தான் ரெண்டு மாசமா சொல்றாராம், யாருமே கேக்கலயாம். தாத்தா கேக்குறாரு, கடைசியா கிரீஸ் எப்ப வெச்சாங்கன்னு. கிரீஸுக்கு டச்சுல என்ன?"

"தெரியலயேம்மா."

"சரி, விடு. நானே எப்படியாவது கேட்டுக்கிறேன்," என்று தமிழில் சொல்லிவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் திரும்ப ஓடினாள்.